கோமதிக்கு மாஸ்க் போட்டே வரைந்தேன்

தரை குலுங்குகிறது. தலைக்கு மேல் விளக்கு ஆடுகிறது. மேஜையில் ஒரு சிப்பாய். வயிறு திறந்திருக்கிறது. என் கை இரண்டும் உள்ளே.

"நீச்சே! நீச்சே!" வெளியே யாரோ இந்தியில் கத்துகிறார்கள். கீழே படு என்று. திறந்த வயிற்றை விட்டுவிட்டு எங்கே படுப்பது?

முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் மோசம். பிறகு தொம். கூடாரத் துணி உப்பி அடங்குகிறது. எல்லை மலை. பனிக்காலம். வியாழக்கிழமை. மாலை நாலே கால்.

இதை ஆம்பூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பொய். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். ராணுவ நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவள் நான். அடுத்த தெருவில் தோல் தொழிற்சாலை. பெரிய மர டிரம் சுற்றச் சுற்ற உள்ளே ஈரத்தோல் விழும். தொம். தொம். ஷூ கம்பெனியில் சங்கு ஊதினால் என் கால் தானாக வாசலுக்குப் போகும்.

"இன்னாக்கா, ஷிப்ட்டுக்குக் கெளம்பிட்டியா?" தம்பி கேலி செய்வான். அவனுக்குத் தோலுக்கு நிறம் ஏற்றும் பிரிவில் வேலை. மிச்சம் மீதி நிறத்தை டப்பாவில் கொண்டுவந்து தருவான். அதை வைத்துத்தான் வரைகிறேன்.

அன்று அந்தக் கூடாரத்தில் ஆறு பேர் வேலை செய்தோம். ஆறு பேரையும் வரைய வேண்டும். யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டும். அறுவை செய்த மேஜர் படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சண்டைக்கு வந்தார். மூக்கு இவ்வளவு நீளம் இல்லையாம். நீளம்தான் சார் என்றேன். மயக்க மருந்து டாக்டர் முடிந்தது. ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர், ஸ்ட்ரெச்சர்காரர், நான். ஐந்து முடிந்தது. ஆறாவது கோமதி. அங்கே மாட்டிக்கொண்டேன்.

கோமதியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அன்று மதியம்தான் வண்டியில் வந்து இறங்கினாள். புது நர்ஸ். அடிபட்டவர்கள் வரிசையில் கிடந்தார்கள். கையைக் கழுவி, மாஸ்க் கட்டி, நேராக உள்ளே வந்துவிட்டாள். "எந்த ஊருக்கா? நான் திமிரி." அவ்வளவுதான் அறிமுகம். அந்தப் பனியில் எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. எனக்கு உடம்பே கொஞ்சம் சூடானது. ஆனால் தெரிந்தது கருப்பு நெற்றியும் இரண்டு கண்ணும் மட்டும்.

வயிற்றை மூடும் முன் உள்ளே வைத்த துணிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் மூடக் கூடாது. உள்ளே தங்கினால் சீழ் பிடித்து ஆளைக் கொன்றுவிடும். நான் எண்ணுகிறேன். அவள் திருப்பிச் சொல்கிறாள். வைத்தது இருபது. வந்தது பத்தொன்பது. மறுபடி எண்ணுகிறோம். பத்தொன்பது.

"எங்கடி போய்த் தொலைஞ்சுது அந்த சனியன்?" என்று கத்தினேன். தமிழ் தெரியாத மேஜர் அதையும் ஓர் எண் என்று நினைத்துவிட்டார். "ஓகே, ஓகே" என்றார்.

எடுத்த ரத்தத் துணிகளைப் போடும் வாளி வெளியே இருந்தது. வெளியே வைக்கக் கூடாது. அன்று உள்ளே இடமில்லை. கோமதி அதை நோக்கிப் போகிறாள். கூடார வாசலில் திரும்பி என்னைப் பார்க்கிறாள். கண் சுருங்கியிருக்கிறது. போய்விட்டாள். வாளி கவிழும் சத்தம்.

"இருக்குதுக்கா! இருபது!"

இந்த முறை விசில் இல்லை. நேராக வெடித்தது. என் இடது காது அத்தோடு போனது.

"கவுன்ட்?" மேஜரின் உதடு அசைகிறது.

"இருபது சார். சரி."

மூடினோம். தையல் முடிந்த பிறகுதான் வெளியே போக முடிந்தது. அதற்குள் அவள் மேல் போர்வை போர்த்திவிட்டார்கள். தலையோடு சேர்த்து. விலக்கிப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் மேஜைக்கு வந்துவிட்டான்.

போன மாதம் அவளுடைய அப்பா திமிரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். படம் வரைகிறேன் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். நிலக்கடலை போடுகிற விவசாயி. பையில் ஒரு ஸ்டுடியோ போட்டோ. போட்டோக்காரன் அவளை வெள்ளைவெளேரென்று ஆக்கியிருந்தான். அதிலிருந்து மூக்கையும் வாயையும் எடுத்து ஒட்டினால் என் வேலை முடிந்துவிடும். ஆனால் அது நான் பார்த்த கோமதி இல்லை. நான் மாஸ்க்கோடு வரைந்து வைத்திருந்தேன். கடைசியாகத் திரும்பிப் பார்த்த கண்.

"இன்னாமா, மூஞ்ச மூடிட்ட? அவ அம்மா இத்தப் பாத்தா இன்னா சொல்லுவா?"

"அவ மூஞ்ச நான் பாத்ததே இல்லப்பா."

அவர் போட்டோவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுமா. பெட்டி வந்துச்சு, கொடி வந்துச்சு. இத்த மட்டும் யாரும் சொல்லல. பயந்துகினு செத்தாளா?"

இந்தக் கேள்வியால்தான் இத்தனை வருடமும் என்னால் உட்கார முடியவில்லை. அந்தச் சுருங்கிய கண்ணைப் பயம் என்றே நினைத்திருந்தேன். இல்லை என்று பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்துவிட்டார்.

"இந்தக் கண்ணு இப்டித்தான் இருந்துச்சா? நெசமா?"

"நெசமாப்பா. அப்படியேதான்."

"எடது கண்ணு ஜாஸ்தி சுருங்கிக்கீது பாரு. சின்னதுலர்ந்தே அப்டித்தான். சிரிப்ப அடக்குனா இந்தக் கண்ணு காட்டிக் குடுத்துடும். இவ சிரிக்கிறாமா."

சனியன். ஓகே, ஓகே. அதற்குத்தான் சிரித்திருக்கிறாள். நான் அவரிடம் அதைச் சொன்னேன். மேஜர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மாஸ்க் இருக்கட்டும்மா. உள்ள இன்னா இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்."

படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர் பஸ் ஏறிய பிறகு அழுதேன். அன்று கூடாரத்தில் அழ நேரமில்லை.

எண்ணிக்கை சொல்ல வேண்டும். அந்தக் குண்டில் போனது இவ்வளவு. வாளி ஒன்று. என் காது ஒன்று. துணி இருபது, இருபதும் வந்தது. அந்தச் சிப்பாய் பிழைத்தான். கூடாரத்தில் நாங்கள் ஆறு பேர். எண்ணிவிட்டேன். மறுபடியும் எண்ணுகிறேன். ஐந்து.