சாம்பல் சுரங்கத்தில் கேட்ட ‘உண்டு’

மத்தியானம் ரெண்டு மணி...

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று யார் ஆர்டர் போட்டது? கரண்ட் வர நேரமாகும். கிட்ட வந்து உட்காருங்கள். ரூபா, நீ வாசல் பக்கம் உட்காராதே... பயமுறுத்தவில்லை அம்மா, கொசு.

மத்தியானம் ரெண்டு மணி. நகரியிலிருந்து புத்தூர் போகிற ரோட்டில் ஒரு மண் பாதை பிரியும். ரெண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. ஆள் கிடையாது. நாய் கிடையாது. அந்தப் பாதையில் ஒரு பைக். ஓட்டியவன் பிலிப், என் சகலையின் தம்பி. சித்தூரில் கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீர், எதுவானாலும் போட்டோ எடுப்பவன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் கோபிகிருஷ்ணன்.

கோபிகிருஷ்ணனுக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜ். அது பிழைப்பு. பட்டம், ‘பாதாள வரலாற்றுப் பேரறிஞர்’. யார் கொடுத்தது என்று கேட்கக் கூடாது. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கொடுத்தது. பேனரில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததாம். மூடிக் கிடக்கிற பொந்து எதுவானாலும் உள்ளே புகுந்து, ‘இது மன்னர்களின் ரகசிய வழி’ என்று யூடியூப்பில் முழங்குவார். இன்னொன்று, முப்பது வருஷமாக ஆந்திராவில் குடியிருந்தும் தெலுங்கு பேச மாட்டார். ‘என் நாவைப் பிறமொழி தீண்டாது’ என்பார். லாட்ஜுக்கு வருகிறவர்களிடம் வாடகை பேசும்போது மட்டும் பெண்சாதி பத்மாவதியின் நாவை எதுவும் தீண்டலாம்.

அந்தம்மாதான் காலையில் பிலிப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது.

“பிலிப்பு, அவுருக்கு சுகர் கீது. சக்கரை ஃபேக்டரிக்குள்ள போறேன்னு குதிச்சிக்கினு கீறாரு. சொன்னா கேக்க மாட்டாரு. நீதான் பத்திரமா கூட்டிக்கினு வரணும். அவுரு இல்லாம நீ மட்டும் வந்து நிக்காதப்பா.”

“நான் இருக்கறேங்க்கா,” என்றான் பிலிப்.

ஆலை மூடி இருபது வருஷமாகிறது. கேட்டில் வாட்ச்மேன் ரமணா. செல்போனில் ரீல்ஸ். தலையைத் தூக்காமலே, “லோப்பல ஏமி லேது சார். பாமுலு உன்னாயி” என்றான். உள்ளே ஒன்றும் இல்லையாம், பாம்பு இருக்கிறதாம். நூறு ரூபாய் கை மாறியதும் பாம்பும் இல்லாமல் போனது.

பாய்லர் கட்டடத்துக்கு அடியில் படி இறங்கினால் சுரங்கம். ஆலை ஓடின காலத்தில் பாய்லர் சாம்பல் முழுக்க அதற்குள்தான் விழும். ஆட்கள் உள்ளே நின்று வாரித் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். இப்போது வௌவால்.

கோபிகிருஷ்ணன் ஜிப்பாவையும் கழுத்து ஜரிகைத் துண்டையும் நீவிவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, டார்ச்சைத் தன் முகத்துக்கே அடித்துக்கொண்டார். “நேயர்களே! காஞ்சியிலிருந்து பல்லவ மன்னர்கள் தப்பிச் செல்ல அமைத்த சுரங்கம் இது!”

“சார், சுவத்துல பாய்லர் நம்பர் டூன்னு எழுதிக்கீது.”

“அது பிற்காலச் சேர்க்கை. நீ படம் பிடி.”

நடந்தார்கள். கீழே கணுக்கால் வரைக்கும் சாம்பல். காலடிச் சத்தமே இல்லை... அதுதான் பிலிப்புக்கு முதலில் பிடிக்கவில்லை. வளைவு திரும்பியதும் வெளிச்சம் போனது. வௌவால் நாற்றமும் போனது. வேறு வாசனை.

கரும்புப்பால். கொதிக்கக் கொதிக்க, இப்போதுதான் காய்ச்சியது மாதிரி. இருபது வருஷமாக ஒரு கரும்புச் சக்கைகூட வராத இடத்தில்.

அப்புறம் சத்தம்.

சர்ர்ரக்...

நின்றது.

...சர்ர்ரக்.

சிமெண்ட் தரையில் இரும்பு உரசுகிற சத்தம். யாரோ வாரிப் போடுகிறார்கள். அவசரமில்லாமல், தினமும் செய்கிற வேலை மாதிரி.

“சார், போய்டலாம் சார்.”

கோபிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். மேடையில் மைக் கிடைத்தால் செருமுவாரே, அதே செருமல். “உள்ளே எவரேனும் உண்டா?”

உரசல் நின்றது.

இருட்டுக்குள்ளிருந்து, தெளிவாக...

“உண்டு.”

பிலிப் ரெண்டடி பின்னால் போனான். அவருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. “கேட்டீர்களா நேயர்களே! வினவினேன், விடை வந்தது! தூய தமிழ்!” இன்னும் உள்ளே போனார். “ஐயா, தாங்கள் பல்லவரா?”

“உண்டு.”

இந்தத் தடவை பக்கத்தில்.

பிலிப் சித்தூரில் தெலுங்கு மீடியம் படித்தவன். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பதில் இல்லை. தெலுங்கில் உண்டு என்றால் இரு. போகாதே, இங்கேயே இரு.

“சார், அது தெலுங்கு சார்! உங்கள இருக்கச் சொல்லுது!”

“போடா. தமிழை எனக்கு நீ கற்பிக்கிறாயா?”

மூன்றாவது ‘உண்டு’ அவர் காதோரமாகக் கேட்டது. அதட்டலாக இல்லை. மெல்ல... பஸ்ஸில், ‘இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க’ என்பார்களே, அந்த மாதிரி.

டார்ச் அணைந்தது.

பிலிப் இருட்டில் எட்டி அவர் கையைப் பிடித்தான். கோபிகிருஷ்ணன் கை எப்படி இருக்கும்? தோசை மாவு மாதிரி இருக்கும், மாலையைத் தவிர எதையும் தூக்காத கை. இவன் பிடித்த கை காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. சுட்டது.

ஓடினான். நீங்களும் ஓடியிருப்பீர்கள், வீராப்பு வேண்டாம்.

படி ஏறி வெயிலுக்கு வந்த பிறகுதான் பத்மாவதி சொன்னது ஞாபகம் வந்தது. இறங்கிப் போகக் கால் வரவில்லை. வாயில் நின்று கத்தினான். “சார்! வாங்க சார்! கோபி சார்!” குரல் உள்ளே போனது... திரும்பவே இல்லை. சத்தம் கேட்டு ரமணா ஓடிவந்தான். அவன் பங்குக்கு, உள்ளே பார்த்துத் தெலுங்கில் ஒரு சத்தம் போட்டான்.

“லோப்பல எவரு உன்னா சரே... பைட்டிக்கி ரண்டி!”

உள்ளே யார் இருந்தாலும் சரி, வெளியே வாங்க.

யார் இருந்தாலும் சரி... கவனித்தீர்களா?

கொஞ்ச நேரத்தில் ஆள் ஏறி வந்தது. அதே ஜிப்பா. அதே கண்ணாடி. கழுத்தில் அதே ஜரிகைத் துண்டு. தலையிலிருந்து கால்வரை சாம்பல் அப்பியிருந்தது, முகமே தெரியவில்லை. “ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்று பிலிப் மூச்சு விட்டான். “சார், ஒண்ணும் ஆவலியே?”

ஆள் பாட்டுக்கு நடந்தது. யாராலும் மூட முடியாத வாயைப் பயம் மூடிவிட்டது என்று நினைத்தான். மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

கேட்டுக்கு வந்ததும் அந்த ஆள் நின்றார். ரெண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினார். சும்மா அப்படியே நின்றார். யாரோ அக்குளையும் இடுப்பையும் தடவிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நின்ற மாதிரி... அப்புறம் கையை இறக்கிவிட்டு வெளியே நடந்தார்.

ஆலை ஓடின காலத்தில், வேலை முடிந்து போகிறவர்களைக் கேட்டில் அப்படித்தான் சோதனை போடுவார்கள். பிலிப்புக்கு அது தெரியாது. ரமணாவுக்குத் தெரியும். ரீல்ஸ் பாடிக்கொண்டிருக்க, அவன் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

பைக் கிளம்பியது. வரும்போது பள்ளத்துக்குப் பள்ளம் இடித்த பைக், இப்போது ஒரு இடி இல்லை. பின்னால் கனமே இல்லை. கரும்புப்பால் வாசனை மட்டும் கூடவே வந்தது. பிலிப் பைக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. இருபத்து மூன்றாம் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான், பாதியில் வரி மறந்து போனது.

ரோடு சேரும் முன்னால் தோளில் ஒரு தட்டு.

“இக்கட ஆப்பண்டி பாபு.”

நிறுத்தச் சொல்கிறது. தெலுங்கில். மெலிந்த குரல்.

இறங்கினார். வீடு தெரிந்துவிட்ட ஆள் மாதிரி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். தெலுங்கில்தான் சொன்னார், நான் நம்ம பேச்சில் சொல்கிறேன்.

“ஷிப்டு முடிஞ்சும் உண்டுன்னாங்க பாபு. மாத்து ஆள் வர்ற வரைக்கும் இரு, இருன்னு... அப்புறம் யாரும் வந்து கூப்பிடவே இல்ல. இன்னிக்குத்தான் ரிலீவர் வந்தாரு.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பிலிப்பின் சட்டைப் பையில் வைத்தார். “அவரோடது. சாம்பல்ல கண்ணு எரியும், குடுத்துடு.”

கொல்லைக்குள் இறங்கி நடந்தார். வேர்க்கடலைச் செடி ஒன்றுகூட அசையவில்லை.

பிலிப் எவ்வளவு நேரம் அப்படியே நின்றான் என்று அவனுக்கே தெரியாது. போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், ‘கோபி சார்’.

அந்தச் சுரங்கத்துக்குள் டவர் ஒரு கோடுகூடக் கிடையாது.

காதில் வைத்தான். முதலில் சத்தம்தான்.

சர்ர்ரக்...

...சர்ர்ரக்.

அப்புறம் அவர் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, நம்மைப் போலச் சாதாரணமாக.

“பிலிப்பு... பத்மாகிட்ட சொல்லிடுப்பா. வர லேட்டாவும்... ரிலீவர் இன்னும் வரல.”