ஜன்னல் சீட்டும் நிற்காத லூப்பும்

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் லேப்டாப். சுபாங் ஜெயா நிலையத்தைக் கடந்ததும் அவள் சொன்னாள்:

“ரெண்டே ரெண்டு பேராலதான் நம்ம வெப்சைட் ஹேங் ஆகுது, தேவி.”

“நம்ம ஸ்கூல் ரீயூனியன் வெப்சைட்டா? எப்படி மலர்?”

“‘யார் வந்தா நீங்க வருவீங்க?’ன்னு ஒரு கேள்வி வச்சேன்ல. அவங்க போட்ட ஆளு வர்றேன்னு சொல்லிட்டா, போட்டவங்க பேரும் லிஸ்ட்ல ஏறிடும். அப்படித்தான் கண்டிஷன் எழுதினேன். இந்த ரெண்டு பேரும் ஒருத்தர் பேர ஒருத்தர் போட்டிருக்காங்க. அவ வந்தாதான் இவன், இவன் வந்தாதான் அவ. லூப் நிக்காம சுத்துது.”

“யாரு அது?”

மலர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். தேவி திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தாள்.

“குணா என் பேரையா போட்டிருக்கான்?”

“ஃபார்ம் ஃபைவ் படிக்கும்போதும் இதே கதைதான். ஸ்கூல் பஸ்ல மிச்சம் ஒரே ஒரு ஜன்னல் சீட். நீ உக்காருன்னு அவன், இல்ல நீ உக்காருன்னு நீ. கிள்ளான் வரைக்கும் ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே வந்தீங்க.”

“சீட் காலியாவே இருந்துச்சு,” என்றாள் தேவி. சிரிக்கவில்லை.

“விடு லா. கோடிங்க மாத்திடறேன்.”

“வேணாம்.”

கேஎல் சென்ட்ரலில் கதவு திறந்தது. மலர் இறங்க எழுந்தாள். தேவி எழுந்திருக்கவில்லை.

“நான் போட்ட பேர அழிச்சிடு. வெறுமனே வர்றேன்னு போடு.”