முட்டைக்கு முட்டை

முட்டையை ஒருநாளும் கழுவக் கூடாது. இந்த உயிலங்குளத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. சொன்னாலும் எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி நிற்பார்கள். அதனால் நான் சொல்வதை நிறுத்திப் பல வருடமாகிறது. நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன், தம்பி. ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கதிர்காமு. கூட்டுறவுச் சங்கக் கடையில் இருபத்தாறு வருடம் மனேச்சராக இருந்தவன். இரண்டாயிரத்துப் பத்தில் முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்டபோது என் வீட்டில் மூன்று சுவர்தான் நின்றது. மற்றவர்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். நான் கிணற்றை இறைக்கத் தொடங்கினேன். பிறகு ஏதோ ஒரு நிறுவனம் வீட்டுக்குப் பத்துக் கலப்பினக் கோழிக்குஞ்சு கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். நான் பல்லைப் பார்க்கிறவன். அடைகிடக்கவே தெரியாத பிறவிகள் அவை. போடுவது மண்ணிறத்தில் ஒரு முட்டை. எனக்கு வேண்டாம் என்றேன். கிழவனுக்குத் திமிர் என்றார்கள்.

எருக்கலம்பிட்டி மீராசாஹிபு இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வரும்போது ஒரு கூடையில் கோழிகள் கொண்டுவந்தார். கலப்பில்லாத பழைய ஊர்க்கோழி. அதில் ஒரு பெட்டை வெளிறிய நீலத்தில் முட்டை போட்டது. அந்த மனிதர் அதைப் பொரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு மூட்டை நெல்லுக்கு அந்தப் பெட்டையையும் ஒரு சேவலையும் எனக்குத் தந்துவிட்டு, என்னை ஏமாற்றியதாக நினைத்துச் சிரித்தார்.

சேவல் முட்டை போடாது. அதன் இரத்தத்தில் நீலம் இருக்கிறதா என்பது அதன் மகள் முட்டை போடும்போதுதான் தெரியும். ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும். மண்ணிறம் போட்டதை எல்லாம் கறியாக்கினேன். வெளிறிய நீலம் போட்டதில் நன்றாக அடைகிடக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கறியாக்கினேன். இரண்டாவது வருடம் ஒரு பெட்டை வந்தது. அது போட்ட முட்டை துரிசு கரைத்த தண்ணீரின் கடும் நீலம். அப்படி ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அது போட்டுப் பொரித்த ஈடுகளை எல்லாம் கோழி நோய் குஞ்சிலேயே கொண்டுபோனது. பெட்டைக்கும் வயதாகிவிட்டது. இந்தத் தை மாதம் போடுவதுதான் கடைசி ஈடு, பன்னிரண்டு முட்டை வந்தால் அதிகம் என்று எனக்குத் தெரியும். அதில் குஞ்சு பொரித்தால்தான் அந்த வம்சம் நிற்கும். இதைக் கவனமாக எழுதுங்கள். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

அடுத்த வளவில் வசந்தமலர். புருஷன் கடைசிச் சண்டையில் இல்லாமல் போனான். மிஞ்சியது தனுசியா என்று பதின்மூன்று வயதில் ஒரு மகள். அதே தை மாதத்தில் அந்தப் பிள்ளை சாமத்தியப்பட்டது. தாய்க்காரி வேலியால் தலையை நீட்டினாள்.

"அண்ணை, பிள்ளை பெரிசாகீட்டாள். பச்சை முட்டை குடுக்க வேணும். என்ர கோழியின்ர முட்டையில சத்தில்லை எண்டு சனம் சொல்லுது. உங்கட ஊர்க்கோழி முட்டை கொஞ்சம் தாங்கோவன்."

"இது தின்னுற முட்டை இல்லை."

"முட்டையைத் தின்னாமல் வேற என்ன அண்ணை செய்யிறது?"

சிரித்தாள். பழிப்பாகச் சிரிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நான் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டுக்குள் கையை விட்டால், நீல முட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண்ணிற முட்டை. அடுத்த முறையும் அப்படித்தான். என்னுடையதை எடுத்துக்கொண்டு தன்னுடையதைப் பக்குவமாக வைக்கோலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். களவு என்று அவள் நினைக்கவில்லை. முட்டைக்கு முட்டை சரி என்று நினைத்தாள். களவெடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். களவெடுக்கிறவனுக்குப் பொருளின் பெறுமதி தெரியும். இவள் இரண்டும் ஒன்று என்று நினைத்தாள். அப்படி நாலு முட்டை போனது.

வேலியை அடைத்திருக்கலாம், கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்பாள். அதற்குமேல் அந்த மண்டையில் என்ன ஏறும்?

வயலுக்கு அடிக்கிற மருந்தை ஒரு முட்டைக்குள் வைத்தேன். எப்படி வைத்தேன் என்பதை உங்கள் பொலிஸ் பெரியவரிடம் காட்டிவிட்டேன். அது வெளிறிய பெட்டையின் முட்டை. நல்ல முட்டையை நான் வீணாக்கவில்லை. கீரிக்கு வைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். கீரி முட்டைக்கு முட்டை வைத்துவிட்டுப் போவதில்லை.

சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு விடியவே வெறும் வயிற்றில் முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதே முட்டைக் கோதில் நல்லெண்ணெய் அளந்து கொடுப்பார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் விழுங்கும். மணத்தை யாரும் பார்ப்பதில்லை. ஓம், இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு சகோதரிகள் இருந்தவர்கள்.

அன்று காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். வசந்தமலர் கூட்டடியிலிருந்து வந்தாள். என்னைக் கண்டு வெட்கப்பட்டாள். கையில் இருந்ததை மறைக்கவில்லை.

"கோவியாதேங்கோ அண்ணை. எடுத்ததுக்குப் பதிலுக்கு வச்சிருக்கிறன். நாளையோட முடிஞ்சிடும், நாளையிண்டைக்குத் தண்ணி வார்த்துச் சடங்கு செய்யிறம். நீங்களும் வாங்கோ."

நான் "ஓம்" என்றேன்.

வேறொரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. வேலி வரைக்கும் அவள் மெதுவாகத்தான் நடந்தாள், முட்டை உடைந்துவிடும் என்று. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டைப் பார்க்கப் போனேன். மண்ணிற முட்டை இருந்தது. கழுவி வைத்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் பிள்ளை முடிந்துவிட்டது. எண்ணெயில் கலப்படம் என்று ஊர் கடைக்காரனைத் திட்டியது. என் முட்டையை எடுத்ததைச் சொல்ல வசந்தமலருக்கு வெட்கம். பிரேதத்தை அறுத்த டாக்குத்தரின் கடதாசி உங்களுக்கு வரும்வரைக்கும் அவள் வாய்திறக்கவில்லை. செத்த வீட்டுக்கு சனம் இருக்க என் வீட்டிலிருந்து ஆறு கதிரை கொடுத்தேன். பிள்ளையைச் சுடலைக்குக் கொண்டுபோன பின்னேரம், மிஞ்சிய எட்டு முட்டையையும் வெளிறிய பெட்டைக்குக் கீழ் அடைவைத்தேன். செத்த வீட்டுத் துடக்கு நாளில் அடைவைக்கக் கூடாது என்பது படிக்காத சனத்தின் பேச்சு.

எனக்கு அந்தப் பிள்ளையோடு ஒரு கோபமும் இல்லை. இதையும் எழுதுங்கள். எந்த இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்?

ஒரு விஷயம் மட்டும், தம்பி. இன்றைக்குப் பதினெட்டாம் நாள். வியாழக்கிழமை குஞ்சு பொரிக்கும். அடைகிடக்கிற கோழிக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத நாட்களில் தனுசியாதான் வந்து வைப்பாள். இப்போது அதற்கும் ஆளில்லை. நீங்கள் போகும்போது வசந்தமலரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள்.