புது ரெக்கார்டு

"புது ரெக்கார்டு எதுக்குங்ண்ணா வாங்குனீங்க?"

எழுபதுகளில், ஒரு கோயில் நோம்பிக்கு மறுநாள் காலை, வேலந்தாவளம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கேட்ட பேச்சு இது. கேட்டவள் ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிறவள். காதோரம் பவுடர் இன்னும் போகவில்லை. பக்கத்தில் பாட்டுப் போடுகிறவர், மடியில் ரெக்கார்டுப் பெட்டி.

"பழசு ஒடைஞ்சு போச்சு அம்மிணி. அதுவும் கீறல் உழுந்தது. பாதியில சிக்கி நின்னுரும்."

"நின்னாத்தானுங்ண்ணா எந்திரிச்சு வாரவனெல்லாம் மறுக்கா உக்காருவான். நேத்து பாட்டு நிக்கவே இல்லை. ஒருத்தன் மேடையேறிக் கையைப் புடிச்சுட்டான்."

"நான் நிறுத்தியிருந்தா கமிட்டிக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

"அதுவா நின்னா வரமாட்டாங்களே."

கொழிஞ்சாம்பாறை ஸ்டாப் தாண்டியதும் அவர் பெட்டியைத் திறந்தார். புது ரெக்கார்டை உறையிலிருந்து உருவினார். சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, முனையை ரெக்கார்டின் மேல் கொண்டுபோனார்.

"எந்த எடத்துல அம்மிணி?"