மீன் குறைந்தது, அது உண்மை

தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, துணைவியாரை இழந்து நிற்கும் லாமெக் ம்சிஸ்கா அவர்களே, நான்காம் படிவ வகுப்பு மாணவர்களே! மறைந்த நம் ஆசிரியைக்குச் சக ஆசிரியராக இந்தத் துக்க வீட்டில் நிற்கிறேன். பேசத்தான் வேண்டும்.

தோவேரா ம்சிஸ்கா! நம் பள்ளியின் மொழியாசிரியை. சோப்பு விளம்பரமோ, தேர்தல் சுவரொட்டியோ, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமோ (போதகர் மன்னிக்க வேண்டும்), எதையும் வகுப்பில் பிரித்து மேய்ந்தவர்.

சந்தையில் அந்தத் துண்டறிக்கை பரவியதே, நினைவிருக்கிறதா? "அக்கரையிலிருந்து வந்தவர்களால் ஏரியில் மீன் செத்தது. சனிக்கிழமைக்குள் விரட்டுங்கள்!" மறுநாள் வகுப்பில் அதுதான் பாடம்; மாணவி லுசுங்குவை எழுப்பிக் கேட்டார்.

"பயமுறுத்துற வார்த்தையெல்லாம் எடுத்துடு லுசுங்கு. என்ன மிச்சம்?"

"மீன் குறைஞ்சிருக்கு மேடம். அது நெஜந்தானே? எங்க வீட்லயே உசிப்பா கருவாட்டப் பாத்து எவ்ளோ நாளாச்சு!"

"நெஜந்தான், அத மறைக்கக் கூடாது. அப்புறம்?"

"அவங்கதான் காரணம்னு போட்டிருக்கு. எப்படின்னு ஒரு வரி இல்ல."

சனிக்கிழமை படகுத்துறையில் தீப்பந்தங்களோடு கூட்டம். கூட்டத்துக்கும் அக்கரைக் குடும்பங்களுக்கும் நடுவே அவர்.

"யாராச்சும் கண்ணால பாத்தீங்களா? சொல்லுங்கப்பா, நான் வழி விட்டுர்றேன்!"

"டீச்சரம்மா, ஒங்க பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சிக்கோங்க! எங்க வயிறு எரியுது!"

"எரியுதுதான், தம்பி. அதத்தான் அந்த நோட்டீச எழுதினவன் தெரிஞ்சு வச்சிருக்கான்."

சிலர் பந்தத்தைத் தாழ்த்தினார்கள். அந்த இடைவெளியில் அக்கரைக் குடும்பங்கள் படகேறித் தப்பின. பிறகு எங்கிருந்தோ ஒரு கல்! மருத்துவமனை போகும் வழியிலேயே அவர் மூச்சு நின்றது. எறிந்தது யார்? இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு முன் பேசிய மீனவர் சங்கச் செயலாளர் கோண்ட்வே அவர்கள், "அக்கரையாருக்காகத்தானே நம் ஆசிரியை செத்தார்! அவர்களைத் திரும்ப விடலாமா?" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். லுசுங்கு மட்டும் எழுந்தாள்.

"கல்ல எறிஞ்சது அவங்களா, ஐயா?"

"துக்க வீட்ல என்ன கேள்வி? உக்காரு புள்ள!" என்று நாலாபுறமும் அதட்டினீர்கள். அவள் உட்காரவில்லை. செயலாளர்தான் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்பர்களே, அந்தக் கைதட்டல்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. அடுத்த கல் யார் மேல் விழும்?

தோவேரா அம்மையாரே! உங்கள் வகுப்பு நிற்காது. நாளை முதல் நான் எடுக்கிறேன். மாணவர்களே, முதல் பாடம் என்னுடைய இந்த உரைதான். எந்த இடத்தில் ஆதாரம் தராமல் உங்களை அழ மட்டும் வைத்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.