மூக்கம்மாளின் மெட்டி

காபி ஆறுவதற்குள் குடியுங்கள், இன்ஸ்பெக்டர். விருதுநகர் வெயிலிலும் எனக்குச் சூடாகத்தான் வேண்டும்.

அறுபத்திரண்டில் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் கொட்டகை வெடித்து மூன்று பெண்கள் கருகினார்கள். தண்ணீர் குடிக்க அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று முதலாளி காளிராஜ் கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தார். வழக்குப் போடலாமா என்று அரசு வக்கீலான என்னைத்தான் கேட்டார்கள். போட்டால் கம்பெனியை மூடிவிடுவார்கள். மழை பொய்த்த வருஷம் வேறு. எத்தனை வீட்டில் அடுப்பு அணையும் என்று யோசித்தேன். எனக்கு எப்போதுமே இரக்கம் கொஞ்சம் அதிகம்.

செத்தவர்களை ஜெயிலில் போட முடியாது, பழியை அவர்களே தாங்கட்டும் என்று தோன்றியது. உரசினால் மருந்து பற்றிக்கொள்ளும் என்பதால் கொட்டகைக்குள் மெட்டி கூடாது. புருஷன் இருக்கும்போது கழற்ற மனம் வராமல், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு போகும் பெண்கள் உண்டு. காலஞ்சென்ற என் மனைவியின் மெட்டி ஒன்றைத் தீயில் வாட்டி, செத்த மூவரில் ஒருத்தியான மூக்கம்மாள் கிடந்த இடத்துச் சாம்பலில் போட்டேன். விசாரணை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

மறு வாரம் வேலுத்தாய் வீடு தேடி வந்தாள். லோடு ஏற்ற வெளியே கூப்பிட்டதால் பிழைத்தவள். கொண்டி போட்டதைக் கண்ணால் கண்டவள்.

"அய்யா, மூக்கம்மா தாலியறுத்து எம்புட்டு வருசமாச்சு. அவ காலுல ஏது மெட்டி? கதவுல கொண்டி கெடந்துச்சு. நீங்க கோர்ட்டுக்குக் கூப்பிடுங்க, நான் வந்து சொல்லுதேன்."

இத்தனை அனுபவம் இருந்தும் அதை விசாரிக்காமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அவளுக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். கோர்ட்டில் கூப்பிடும்வரை யாரிடமும் பேசாதே, வழக்கம்போல வேலைக்குப் போ என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சூட்டிலும் மருந்து பற்றிக்கொள்ளும் என்பதால் வெயில் ஏறுமுன் கலந்து முடித்துவிடுவது அங்கே வழக்கம். அவசர ஆர்டர் என்று சொல்லி, சித்திரை உச்சி வெயிலில் அவளை இன்னொரு கொட்டகையில் தனியாகக் கலக்க வைக்கும்படி காளிராஜிடம் சொன்னேன். கொண்டியை மறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆயிற்று.

இந்த முறை பொய்ச் சாட்சியம் எதையும் நான் வைக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். வேலுத்தாய்க்குப் புருஷன் இருந்தான். சாம்பலில் கிடந்த மெட்டி அவளுடையதுதான்.