எண்பத்தாறு புற்களும் ஒரு காரும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்டவன் நான். பழைய ஜன்னல் திரையை வெட்டி, என் கையாலேயே தைத்தேன். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எனக்குப் பொருளின் அருமை தெரியாது என்று நினைத்துவிடுவீர்கள்.

மகன் ஜெயராம் அமெரிக்கா போகும்போது விட்டுப்போன பெட்டி அது. 1996-லேயே அதற்குக் கிழடு தட்டிவிட்டது. காலையில் நான் அதில் கார் பந்தயம் ஆடுவேன். மதியம் என் மனைவி விசாலாக்ஷி தட்டச்சு செய்வாள். பெண்கள் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் தாவரவியல் நடத்தியவள். அடையாறு முகத்துவாரத்தில் முளைக்கும் புற்களைப் பற்றிப் புத்தகம் எழுதினாள். புல். எண்பத்தாறு வகையாம். நான் பாலம் கட்டியவன். என் பாலங்களுக்கு அடியில் முளைத்ததையெல்லாம் குனிந்து எண்ணுவதற்கென்றே எனக்கு ஒருத்தி வாய்த்தாள்.

"மாடு மேயறதுக்கு லிஸ்ட் வேணுமாடி?" என்று கேட்பேன்.

"மாட்டுக்குத் தெரியும்னா. மனுஷாளுக்குத்தான் வேணும்" என்பாள்.

அவள் புல் எண்ண ஆரம்பித்துப் பதினான்கு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த ஆடி மாதம் ஆட்டம் திடீரென்று நொண்டியது. திரையில் என் சிவப்புக் கார் ஒரு வளைவு திரும்புவதற்குள் கபாலி கோயில் தேர் நான்கு மாட வீதியும் சுற்றி நிலைக்கு வந்து, இழுத்தவர்கள் நீர்மோரும் குடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாண்டி பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹபீபுர் ரஹ்மானுக்கு போன் போட்டேன்.

"வேணாத ஃபைலெல்லாம் தூக்கிடுங்க சார். பொட்டிக்குக் காத்து வேணும், பின்னாடி எதையும் அடைச்சி வெக்காதீங்க. ஸ்பீடு தானா வரும்" என்றான்.

நிபுணர் சொன்னால் கேட்பவன் நான். விசாலம் கொட்டிவாக்கத்தில் தங்கை கோமளம் வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாளில் வேலையை முடித்தேன். வேண்டாதது எது என்று தீர்மானிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புல் முழுவதையும் அழித்தேன். அந்த இடத்தில் ஆட்டத்தைப் புதிதாக ஏற்றினேன். கார் அசையவில்லை. அவள் பிரதி எடுத்து வைத்திருந்த நான்கு ஃபிளாப்பிகளிலும் ஆட்டத்தைப் பதிந்துகொண்டேன். உருப்படியான சாமானுக்குப் பிரதி இருக்க வேண்டும் அல்லவா. அப்புறம் காற்று. பெட்டிக்குப் பின்னால் அவளுடைய பதினொரு நீள நோட்டுகள் அடுக்கியிருந்தன. பழைய பேப்பர்காரர் பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார், உள்ள புல்லு ஒட்டிக்கினு கீது?"

"உதறிடுப்பா" என்றேன்.

உதறினார். வாசலில் கொஞ்சம் தூள் விழுந்தது. பதினான்கு வருஷம், ஒரு முறத்துக்குக்கூடக் காணவில்லை.

நான்காம் நாள் அவள் வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, என் புல்லெல்லாம் எங்கே?"

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். புல் எம்மாத்திரம்" என்றேன்.

ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நான்கிலும் கார். நோட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். அழவில்லை. அந்த வெறும் இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஹபீபுருக்கு போன் செய்தாள்.

அவன் வந்து அரை மணி நேரம் தட்டிப் பார்த்தான். "அழிச்சதோட வுட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன் மேடம். அதும்மேலயே கேமை ஏத்திட்டாரே. மொத்தம் மூணு எம்பிகூட வராது. இத்த அழிச்சா இன்னா ஸ்பீடு வரும்? யானைப் பசிக்குச் சோளப்பொறி." பிறகு குனிந்து பெட்டியின் முகப்பைப் பார்த்தான். "இன்னா சார், டர்போவை அணைச்சி வெச்சிக்கினு கீறீங்க?"

பொத்தானை அமுக்கினான். முகப்பில் 33 என்று எரிந்த எண் 66 ஆயிற்று. கார் பறந்தது.

விசாலம் காரைப் பார்க்கவில்லை. "அதை யார் அணைச்சா?" என்றாள்.

"துடைக்கறச்சே கை பட்டிருக்கும்" என்றேன்.

படவில்லை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அந்தப் பொத்தான்தான் என்று ஜெயராம் போகும்போதே காட்டிக்கொடுத்திருந்தான். ஆடி முதல் வாரம் தபால்காரர் வந்தார். எங்கள் வாசல் பித்தளைப் பலகையில் இருப்பது என் பெயர் மட்டும். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, "டாக்டரம்மா வூடு இதானே? ரிஜிஸ்தர் தபால் கீது" என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். புத்தகத்தைப் போடுகிறோம், தீபாவளிக்குள் முழுவதும் அனுப்புங்கள் என்று தில்லிப் பதிப்பாளர் எழுதியிருந்தார். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். பிறகு உள்ளே போய்ப் பொத்தானை அணைத்தேன். காரணம் இல்லாமல் எதையும் செய்கிறவன் அல்ல நான். அதனால் முதலில் காரணத்தை ஏற்பாடு செய்தேன்.

பொறாமை என்கிறாளாம் கோமளம். புல்லைப் பார்த்துப் பாலம் பொறாமைப்படுமா.

விசாலம் இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே மறுபடி எழுதுகிறாள். விடிந்ததும் முகத்துவாரத்துக்குப் போகிறாள், சேறும் காலுமாக வந்து உட்காருகிறாள். நேற்றோடு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. இந்த வயதில் இத்தனை வேகம் உடம்புக்கு ஆகாது.

கம்ப்யூட்டருக்கும் அந்த அறையில் காற்று போதவில்லை. சாப்பாட்டு மேஜைதான் அதற்குச் சரியான இடம். உறையைக் கழற்றி வைத்துவிட்டேன்.